காதில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள்

போன வருஷம் என் வீட்டுச் சங்குப்பூவை மொட்டை மாடி வெயிலில் ஒரே பகலில் காயவைத்து பாட்டிலில் அடைத்தேன். நிறம் அப்போதே வெளுத்துப்போயிருந்தது. பத்தாம் நாள் திறந்தால் பூசண வாடை. அந்தக் குறையோடுதான் மதுரை திருநகரில், டீக்கான பூவும் இலையும் மாடியில் வளர்த்து உலர்த்தும் ஒரு அக்கா வீட்டு மாடிப்படி ஏறினேன்.

காலை ஆறரை மணி. அக்காவும் அவர் மாமியாரும் ஏற்கெனவே பூப்பறிப்பில் இருந்தார்கள். பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே பைகளில் சங்குப்பூ, துளசி, எலுமிச்சைப்புல், புதினா, செம்பருத்தி. ஆவாரையை மட்டும் காணோம்.

"பையில வச்சா கோவிச்சுக்குது தம்பி. வாசல்ல தரையில இறக்கிட்டேன்" என்றார் அக்கா.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் போதும். சங்குப்பூ விதையை ஒரு ராத்திரி ஊறப்போட்டு நடுகிறார். செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். துளசியில் கதிர் தலைகாட்டியதும் கிள்ளிவிடுகிறார். விட்டால் இலை சிறுத்துப்போகும். இதை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். கைவேலை இருப்பது உலர்த்துவதில்.

மாடிப்படி அறையில் வரிசையாகச் சுளகுகள். ஒவ்வொன்றிலும் பழைய வேட்டித் துணி விரித்து, பூவோடு பூ ஒட்டாமல் பரப்பியிருந்தது. வெயில் உள்ளே வராது, காற்று வரும். மாமியார் தரையில் உட்கார்ந்து சங்குப்பூவின் அடியிலிருக்கும் பச்சைக் காம்பை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தார். இதழ் காய்ந்த பிறகும் ஈரம் அந்தப் பச்சையில் ஒளிந்துகொண்டிருக்குமாம். என் பாட்டிலின் கதை விளங்கிவிட்டது: இதழ் மொறுமொறுத்ததை நம்பி, காம்போடு அடைத்திருக்கிறேன்.

"ஒரு கை அள்ளி காதுகிட்ட குலுக்குங்க" என்றார் அக்கா. நேற்றுப் பரப்பிய சுளகில் சத்தமே இல்லை. மூன்று நாள் ஆன சுளகில் சருகு மாதிரி சலசலத்தது. அதன் பிறகுதான் பாட்டில். "பத்துக் கை பறிச்சா ஒரு கை நிக்கும். அதுக்குள்ள முதுகு போயிரும்" என்று மாமியார் சிரித்தார்.

டம்ளரில் சங்குப்பூ போட்டு வெந்நீர் ஊற்றியதும் நீலம் இறங்கியது. எலுமிச்சை நாலு சொட்டு விழ, ஊதாவானது. பூவிலுள்ள ஆந்தோசயனின் புளிப்பு பட்டால் நிறம் மாறும். ருசி? உள்ளதைச் சொன்னால் சங்குப்பூவுக்குப் பார்வை மட்டும்தான். எலுமிச்சைப்புல்லை முடிந்து போட்டபிறகே குடிக்கும்படி இருந்தது.

"தேயிலை போடாதத டீங்கிறாங்க. எங்க காலத்துல இது கசாயம்" என்றார் மாமியார். நானும் அவர் கட்சிதான். மாமியாரோ அதைச் சொல்லிவிட்டு, தனக்குப் பால் ஊற்றி ஸ்ட்ராங்கா ஒரு டீ போட்டுக்கொண்டார்.

சர்க்கரை குறையுமா என்று ஆவாரம்பூ கேட்டு வருகிறவர்கள் உண்டு. மாத்திரையை நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக் குடிக்கச் சொல்லியே கொடுக்கிறார் அக்கா.

கிளம்பும்போது சங்குப்பூ விதை கொஞ்சம் மடித்துக் கொடுத்தார். நீங்களும் ஆரம்பிப்பதானால் விதையிலிருந்தே ஆரம்பியுங்கள். நர்சரியில் பூத்துக் குலுங்கும் செடியை வாங்கி வந்த கையோடு பூவைப் பறித்துக் குடித்துவிடாதீர்கள். அது அழகுக்கு வளர்த்த செடி. என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது.