காலிதான் சார்!

என் பையனுக்கு ஒன்பது வயசு. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளாஸ்மேட் வீட்டில் போய்த் தங்கணும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அமெரிக்காவில் இதற்கு ‘ஸ்லீப் ஓவர்’ என்று பெயர். நம்மூரில் முழுப் பரீட்சை லீவுக்குப் பாட்டி வீட்டில் போய் ரெண்டு மாசம் கிடப்போம், அதற்கெல்லாம் யாரும் பெயர் வைக்கவில்லை. இங்கே அடுத்த தெருவுக்குத் தலையணையோடு போவது ஒரு வைபவம்.

கிளாஸ்மேட்டின் அப்பா என் ஆபீஸ்தான். பக்கத்து ஸீட். பெயர் வேண்டாம், ‘தாடி’ என்று வைத்துக் கொள்ளுங்கள். தங்கமான மனுஷர். நாலு வருஷமாக என் சாம்பார் சாதத்தின் பெருங்காய வாசனையைப் பக்கத்திலேயே உட்கார்ந்து சுவாசித்திருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு சங்கதி, வெளியில் போகும்போது இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பார். ஆபீஸில் கூடாது என்பதால் காரிலேயே பெட்டியில் பூட்டிவிட்டு வருவார்.

நாங்கள் இருப்பது டல்லாஸ் பக்கம். டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் கைத்துப்பாக்கி எடுத்துப் போக லைசென்ஸ்கூடத் தேவையில்லை. நம்மூரில் எலெக்ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியையே போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார்கள். நான் அந்த ஊர்க்காரன். என் அடிவயிறு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

“அவங்க வீட்ல துப்பாக்கியை எங்க வெச்சிருப்பாங்கன்னு கேளுங்க” என்றாள் என் மனைவி.

“அதெப்படிம்மா ஒருத்தர்கிட்ட போய்க் கேக்கறது? தப்பா நெனைச்சுக்க மாட்டாரா?”

“நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?”

மூணு நாள் காபி மெஷின் பக்கத்தில் அவரோடு நின்று கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் என்ன வித்தியாசம் என்று பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். நாலாம் நாள் அவரே, “சனிக்கிழமை கன் ஷோ இருக்கு. சும்மா பார்க்க வர்றியா?” என்றார். (எல்லாம் இங்கிலீஷில்தான். உங்களுக்காகத் தமிழில்.)

கன் ஷோ என்றதும் அர்னால்ட் படம் மாதிரி எதையோ கற்பனை செய்துகொண்டு போனேன். போய்ப் பார்த்தால் தீவுத்திடல் பொருட்காட்சி! பெரிய ஹால், நூற்றுக்கணக்கில் மேஜைகள். துப்பாக்கிக்குப் பக்கத்தில் கத்தி, கத்திக்குப் பக்கத்தில் பழைய நாணயம், அதற்குப் பக்கத்தில் உப்புக்கண்டம் மாதிரி காய வைத்த மாட்டுக்கறி, ஊறுகாய், தோல் பெல்ட். அப்பளமும் பஜ்ஜியும்தான் இல்லை.

ஆனால் வாசலில் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. குண்டு போட்ட துப்பாக்கி உள்ளே வரக் கூடாது என்று கொட்டை எழுத்தில் போர்டு. துப்பாக்கி விற்கிற சந்தையில்! பக்கத்தில் ஒரு மேஜை. யாராவது விற்கவோ மாற்றவோ துப்பாக்கி கொண்டு வந்தால், அங்கே காலி என்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நைலான் பட்டையை அதன் உள்பாகத்தில் நுழைத்து, சுட முடியாதபடி இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். இடுப்பில் வைத்துக் கொள்கிறவர்களுக்கும் இதே சட்டம்தான். லைசென்ஸைக் காட்டினாலும் பல ஷோக்களில் விட மாட்டார்கள். அதனால் தாடி தன்னுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். “கோயில் வாசல்ல செருப்பை விடற மாதிரி” என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உள்ளே மனிதர்களின் நடத்தை அதைவிட ஆச்சரியம். தாடி ஒரு மேஜையில் ஒரு பிஸ்டலைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், “எடுத்துப் பார்க்கலாமா?” கடைக்காரர் தலையாட்டிய பிறகுதான் தொட்டார். எடுத்ததும் முனையைத் தரைப் பக்கமாகத் திருப்பிக் கொண்டார். விரல் ட்ரிகரில் இல்லை, அதற்கு மேலே, உலோகத்தின் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்தார். உள்ளே காலியா என்று அவரே ஒருமுறை பார்த்தார், இத்தனைக்கும் கடைக்காரர் இப்போதுதான் பார்த்துக் கொடுத்தார்! திருப்பி வைத்ததும் கடைக்காரர் ஒரு எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. வியர்வைக் கை பட்டால் துருப்பிடிக்குமாம்.

எனக்கு எங்கள் அத்தைப் பாட்டி ஞாபகம் வந்தது. பாட்டி மடியாக இருக்கும்போது இப்படித்தான். கேட்காமல் கிட்டே போகக் கூடாது, எதையும் தொடக் கூடாது, தொட்டுவிட்டால் ஒரு துடைப்பு.

ட்ரிகரை இழுத்துப் பார்ப்பதற்கும் தனியாக அனுமதி கேட்க வேண்டும். காலியாக இருந்தாலும் கேட்க வேண்டும். சில துப்பாக்கிகளில், முக்கியமாக பாயிண்ட் டூ டூ வகையில், காலி விசையைத் தட்டினால் பாகம் கெட்டுப் போகும். தோளில் துப்பாக்கி மாட்டிக்கொண்டு, குழலுக்குள் ஒரு குச்சி செருகி, குச்சியில் விலைச் சீட்டை ஒட்டிக் கொடி மாதிரி நடக்கிறவர்களும் உண்டு. அவர்கள் முனையும் கூரையைத்தான் பார்க்க வேண்டும்.

இடுப்பில் வைத்திருப்பவர்களின் மரியாதை இன்னொரு ரகம் என்று தாடி சொல்லிக் கொண்டே வந்தார். உள்ளதைக் காட்டக் கூடாது, அதைப் பற்றிப் பேசக் கூடாது, அடிக்கடி தொட்டுச் சரி செய்யக் கூடாது. சிநேகிதன், “எங்கே, எடு பார்ப்போம்” என்றால் எடுக்கவே கூடாது. “உறையிலே கிடக்கிற துப்பாக்கி தானா எழுந்து வெடிக்காது. ஒவ்வொரு தடவை கையில எடுக்கறப்பவும் ஒரு சான்ஸ் குடுக்கறோம்” என்றார்.

இதையெல்லாம் ரொம்ப சிரத்தையாகக் கேட்டுக் கொண்டு வந்த நான் என்ன செய்தேன் தெரியுமா?

ஒரு மேஜையில், பழைய ராணுவ ரைஃபிள்களின் நடுவில், அவள் கிடந்தாள். பாயிண்ட் த்ரீ நாட் த்ரீ! உலோகத்தில் அசோகச் சிங்கம். அதன் கீழே ஆர்.எஃப்.ஐ. என்று நம் இஷாப்பூர் ஃபாக்டரி முத்திரை. கல்கத்தா பக்கத்தில் செய்தது, எப்படியோ கடல் தாண்டி டெக்ஸாஸ் வந்து சேர்ந்து, என்னை மாதிரியே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. காலேஜில் என்.ஸி.ஸி. பரேடுக்கு மூணு வருஷம் தோளில் சுமந்த ஜாதி. சொந்த ஊர்க்காரனை ஏர்போர்ட்டில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது சார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. தூக்கினேன், தோளில் பதித்தேன், ஒரு கண்ணை மூடி, “டேய், இது எங்க ஊர்டா!” என்று அப்படியே ஒரு அரை வட்டம் திரும்பினேன்.

குழலின் நேர் எதிரே ஒரு சின்னப் பெண். ஏழு வயசு இருக்கும். கையில் பாப்கார்ன்.

சத்தம் நின்றுவிட்டது. ஹால் முழுக்க இல்லை, எங்களைச் சுற்றி ஒரு பத்தடிக்கு. ஒருத்தரும் கத்தவில்லை. ஒரு கிழட்டுக் கை, கடைக்காரருடையது, பக்கவாட்டிலிருந்து வந்து குழலைப் பிடித்துக் கூரைப் பக்கம் தூக்கியது. இன்னொரு கை என் விரலை ட்ரிகரிலிருந்து எடுத்தது. ஆமாம், என் விரல் ட்ரிகரில் இருந்தது! எப்போது போனது என்று எனக்கே தெரியாது. அந்தப் பெண்ணின் அப்பா அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

“காலிதான் சார்! பட்டை கட்டியிருக்கு பாருங்க” என்றேன். வாய் குழறியது.

“பட்டை துப்பாக்கிக்குத் தம்பி. விதி உனக்கு” என்றார் கிழவர். கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

முப்பது வருஷத்துக்கு முந்தி இதே வாக்கியத்தை நான் சொல்லியிருக்கிறேன். என்.ஸி.ஸி.யில் சேர்ந்தது தேசபக்தியாலா, பரேடு முடிந்ததும் தரும் பூரி மசாலாவாலா என்று இப்போது கிளற வேண்டாம். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் ரைஃபிளைச் சிநேகிதன் மார்புக்கு நேராகப் பிடித்து, “சொல்லுடா, அசைன்மென்ட் தருவியா மாட்டியா?” என்றேன். அவன் கையைத் தூக்கி நடித்தான். எல்லாரும் சிரித்தோம். ஹவில்தார் வந்தார். வடக்கத்தி மனுஷர். “காலி ஹை ஸாப்!” என்றேன். குண்டை எடுத்துவிடச் சொல்லும் கட்டளையே அங்கே ‘காலி கர்’தான். எனவே சரியாகப் பேசிவிட்டதாக எண்ணம்.

அவர் ஒன்றும் பேசவில்லை. நாலு கிலோ ரைஃபிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தை மூணு சுற்று. மே மாச வெயில். மூணாவது சுற்றில் வாந்தி எடுத்தேன். அன்றைக்குப் பூரியும் கிடையாது. காலி துப்பாக்கிக்கு இவ்வளவா என்று அந்த மனுஷனை எத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்! தமிழில் ‘ஆள் காலி’ என்றால் வேறு அர்த்தம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஹாட் டாக் ஒன்று வாங்கிக் கொடுத்து தாடி என்னை உட்கார வைத்தார். ஜெஃப் கூப்பர் என்று ஒருவர், பழைய மரைன் படை அதிகாரி, 1976-ல் அரிஸோனாவில் துப்பாக்கிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தவர். அவர் வகுத்த நாலு விதிகள்தான் இங்கே பலருக்கும் பால பாடமாம். எல்லாத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் முனையைக் காட்டாதே. குறி பார்த்து முடிக்கும் வரை விரலை ட்ரிகரில் வைக்காதே. குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். நாலில் மூன்றை நான் ஒரே அரை வட்டத்தில் முடித்திருந்தேன். நாலாவதும் போயிருக்கும், பாப்கார்ன் பெண்ணுக்குப் பின்னால் யார் நின்றார் என்று நான் பார்க்கவே இல்லை.

“2013 ஜனவரி 19” என்றார் தாடி, கல்யாண நாள் மாதிரி. நாடு முழுக்கத் துப்பாக்கியைக் கொண்டாடும் தினம் என்று சிலர் அறிவித்திருந்த நாள். அன்றைக்கு மூன்று மாநிலங்களின் கன் ஷோக்களில் ஐந்து பேருக்குக் காயம். வட கரோலினாவின் ராலே நகரில், வாசல் மேஜையில் சோதனைக்காக உறையின் ஜிப்பைத் திறக்கும்போதே ஒரு ஷாட்கன் வெடித்து மூணு பேர் மேல் ரவை. இண்டியானாபொலிஸில் ஒருவர் ஷோ முடிந்து வெளியே வந்து, தன் துப்பாக்கிக்குத் திரும்பக் குண்டு போடும்போது தன் கையையே சுட்டுக்கொண்டார். ஒஹாயோவின் மெடினாவில் நடந்ததுதான் எனக்கு உறைத்தது. மேகஸினைக் கழற்றியாகிவிட்டது. (குண்டு அடுக்கும் டப்பாவுக்கும் நீங்கள் கையில் வைத்திருப்பதற்கும் ஒரே பெயர், என்ன செய்வது!) மேகஸின் போனாலும் சேம்பரில் ஒற்றைக் குண்டு தங்கிவிடும். காலி என்று நினைத்து ட்ரிகரை இழுத்தவர் ஒரு வியாபாரி, என்னை மாதிரி கத்துக்குட்டி இல்லை. குண்டு பட்டது அவருடைய சிநேகிதருக்கு.

இன்னொன்றையும் சொன்னார், கொஞ்சம் மெதுவாக. 2008 அக்டோபரில் மாஸசூஸெட்ஸின் வெஸ்ட்ஃபீல்டில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சி, பொதுமக்கள் மெஷின் கன்னைச் சுட்டுப் பார்க்கலாம் என்று. எட்டு வயசுப் பையன் கையில் மைக்ரோ ஊஸி. அப்பா சற்றுத் தள்ளி நின்று போட்டோ எடுக்கத் தயாராகிறார். சுட்ட வேகத்தில் துப்பாக்கி பின்னால் எகிறி, முனை பையனின் தலைப் பக்கம் திரும்பிவிட்டது. பிழைக்கவில்லை.

“அங்கே அத்தனை பெரியவங்க இருந்தாங்க. ஒருத்தர் ‘வேண்டாம்’னு சொல்லியிருந்தா போதும்” என்றார் தாடி. “அந்தக் கிழவர் உன் கையைப் பிடிச்சதுக்குக் கோவிச்சுக்காதே.”

நான் கோவித்துக் கொள்ளவில்லை. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கிழவர் அந்த இஷாப்பூர் ரைஃபிளை எடுத்து, “இப்ப கேளு” என்றார். “எடுத்துப் பார்க்கலாமா?” என்றேன். கொடுத்தார். முனை கூரையைப் பார்த்தது, விரல் வெளியே இருந்தது. கை நடுங்கியது வேறு விஷயம். வாங்கவில்லை. எனக்கு க்ரீன் கார்டு இருப்பதால் சட்டம் தடுக்காது. (எச்-1 விசா கனவில் இருக்கும் தம்பிகள் கவனிக்க: வேட்டை லைசென்ஸ் மாதிரி விதிவிலக்கு இல்லாவிட்டால் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம்.) ஆனால் வீட்டில் ஒரு சட்டம் இருக்கிறது, அதற்கு விதிவிலக்கு கிடையாது.

காரில் ஏறியதும், பெல்ட் போட்டுக்கொண்டே, ரோட்டைப் பார்த்தபடி கேட்டுவிட்டேன். “வெள்ளிக்கிழமை பையன் வர்றதுக்கு முன்னாடி… உங்க வீட்டுத் துப்பாக்கியெல்லாம் எங்க வெச்சிருக்கீங்கன்னு… வந்து… தப்பா நெனைச்சுக்காதீங்க…”

தாடி சிரித்தார். “நாலு நாளா காபி மெஷின்கிட்ட நீ இதைத்தான் கேக்க வர்றேன்னு தெரியும். கேக்காம இருந்தாதான் தப்பா நெனைச்சிருப்பேன்.” 2000-லிருந்தே குழந்தை டாக்டர்கள் சங்கமெல்லாம் சேர்ந்து, இப்படிக் கேளுங்கள் என்று பிரசாரம் செய்து வருகிறார்களாம். நேரே வீட்டுக்கு அழைத்துப் போய்க் காட்டினார். ஆள் உயர இரும்புப் பெட்டி, நம்பர் பூட்டு. குண்டுகள் வேறு அறையில், வேறு பூட்டில். நம்பர் அவருக்கும் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

“சரி, இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா?” என்றார். “அடுத்த வாரம் என் பையன் உங்க வீட்ல தங்க வர்றான். அவனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. துளி பட்டாலும் மூச்சு திணறும். உங்க வீட்ல கடலை இருக்கா?”

வீட்டு அலமாரி மனசில் வந்தது. கடலைச் சட்னி, கடலை மிட்டாய், கடலைப் பொடி, மாமியார் பார்சலில் அனுப்பிய வறுத்த கடலை மூணு கிலோ, அத்தனையையும் பொரிக்கும் கடலை எண்ணெய்.

“இருக்கு” என்றேன். “ஆனா பூட்டு இல்லை.”

அன்று ராத்திரி என் மனைவி சமையலறை ஷெல்ஃபைப் பூராவும் காலி செய்துகொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, காலிதானா என்று ரெண்டாம் தடவை பார்த்துக் கொடுத்தேன்.