வேருக்கும் காற்று வேண்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சென்ற ஐப்பசியில் என் தமக்கையாருடன் அவ்வழியே பேருந்தில் சென்றேன். அவர் மடியிலிருந்த பையில் வாடிய ஆர்க்கிட் செடியொன்று இருந்தது. காலஞ்சென்ற அத்தான் முன்னர் இம்மலையில் வாங்கித் தந்தது அது. அவர் நினைவாயிற்றே என்று, வீட்டிலிருந்த பீங்கான் தொட்டிகளுள் அழகியதைத் தேர்ந்து, செம்மண் நிரப்பி நட்டு, நாள்தோறும் நீரூற்றி வந்தார் தமக்கையார். இலைகள் மஞ்சளாயின. நீர் போதவில்லையென எண்ணி மேலும் ஊற்றினார்.

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களைக் கடந்து, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் ஆர்க்கிட் பூங்காவைக் கண்டோம். ஆர்க்கிட்டுகளுள் பெரும்பாலானவை மண்ணில் வளர்வன அல்ல; மரக்கிளைகளைப் பற்றி வாழ்வன. ஆயினும் அவை மரத்தின் சாற்றை உறிஞ்சும் ஒட்டுண்ணிகள் அல்ல. அவற்றின் வேர்கள் பஞ்சு போன்றதொரு போர்வை பூண்டவை. மழை பெய்தால் அப்போர்வை நீரை ஈர்த்துக்கொள்ளும். பின்னர் வீசும் காற்று வேரை உலர்த்திவிடும். உலர்ந்த வேர் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். நனைந்தது பசுமை காட்டும்.

மாலையில் ஒரு நாற்றுப் பண்ணைக்குச் சென்றோம். முதிய தோட்டக்காரர் ஒருவர் செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல எடுத்தார். வேர்கள் பழுப்பேறி, விரல் பட்டதும் நசுங்கின.

“அம்மா, இது கண்ணுக்கு அழகான தொட்டி. வேருக்கு மூச்சு விட இடமில்லையே!” என்றார்.

தமக்கையார் கண் கலங்கினார். அம்முதியவரோ அழுகியவற்றைத் தூய கத்தியால் நீக்கினார். மூன்று வேர்களே எஞ்சின. பின்னர், அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட மண் தொட்டியொன்றை எடுத்தார். “இன்னும் பெரியது வேண்டாமா?” என்று வினவினேன். இலையின் அளவைப் பாராது வேரின் அளவைப் பார்க்கவேண்டுமென்றும், தொட்டி மிகப் பெரிதானால் அதன் நடுவில் ஈரம் தங்கி வேர் அழுகுமென்றும் விளக்கினார். மண்ணுக்கு மாற்றாக ஓட்டுத்துண்டு, அடுப்புக்கரி, தேங்காய் மட்டைத்துண்டு ஆகியவற்றை இட்டு நிரப்பினார். பிளாஸ்டிக் தொட்டியும் ஆகும். ஆனால், அதில் ஈரம் நெடுநேரம் நிற்பதால் நீரைக் குறைக்கவேண்டும். எத்தொட்டியாயினும் அடித்தட்டில் நீர் தேங்கலாகாது. மட்டைத்துண்டுகள் மக்கிப்போகுமுன், ஏறத்தாழ ஈராண்டுக்கொருமுறை மாற்றிவிடுதல் நலம்.

“வேர் வெளுத்த பிறகே நீர் ஊற்றுங்கள், அம்மா” என்பதே அவர் இறுதியாகச் சொன்னது.

தமக்கையாருக்கு அதுவே கடினமாயிற்று. பல காலை வேளைகளில் நீர்ச்செம்பைக் கையிலேந்தி வந்து, வேரைப் பார்த்துவிட்டு, ஊற்றாமலே திரும்பினார். அன்பு கொடுப்பதில் மட்டுமன்றி, கொடாது காத்திருப்பதிலும் உண்டென்று அந்நாள்களில் நான் கண்டேன்.

செடி இன்னும் பூக்கவில்லை. ஆயினும் பங்குனியில் பச்சை நுனியுடன் புதுவேர் ஒன்று துளை வழியே வெளிவந்து, மண் தொட்டியின் புறத்தை இறுகப் பற்றிக்கொண்டது. தமக்கையார் அதை எனக்குச் சுட்டிக்காட்டினார். அவர் முகத்தில் நெடுநாளைக்குப் பின் ஒரு புன்னகை தோன்றியது.