அம்மம்மாவின் றேடியோ

எங்கள் வீட்டில் அதற்கு 'அம்மப்பாவின்ர றேடியோ' என்றுதான் பெயர். மரப்பெட்டி, முகத்தில் பழுப்பேறிய துணி, உள்ளே ஐந்து வால்வுகள். 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது அது பரணில் ஏறியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட காலம் அது. ஆனால் அந்தச் சிறு மின்சாரம் ட்ரான்சிஸ்டர் றேடியோவுக்குத்தான் போதும். 1995 இடப்பெயர்வின்போதும் இந்தப் பாரத்தை யாரும் தூக்கவில்லை. திரும்பி வந்தபோது தூசியோடு அங்கேயே இருந்ததாம்.

சென்ற வருடம் கனடாவிலிருந்து மாமா அம்மாவுடன் பேசினார். "அப்பான்ர றேடியோவை ஆரிட்டையாவது குடுத்துவிடு தங்கச்சி. அது எனக்கு வரவேண்டிய சாமான்." அனுப்புவதற்கு முன் ஒருமுறை பாடவைத்துப் பார்க்க வேண்டுமென்று எனக்கு ஆசை.

நேரே பிளக்கில் குத்தப் போனேன். நல்லவேளை, முன்பு றேடியோ திருத்திய ஐயா ஒருவரிடம் கேட்டேன். "வீட்டில ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ பிள்ளை?" என்றார் முதலில். பிறகு பொறுமையாகச் சொல்லித் தந்தார். நெடுங்காலம் கிடந்தால் கொண்டென்சர்கள் உள்ளே காய்ந்துவிடும். அப்படியே மின்சாரம் கொடுத்தால் ட்ரான்ஸ்போமரே எரிந்துபோகலாம். ஆகவே பழைய மாதிரி 60 வாற் மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். அது முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோட். றேடியோவை நிறுத்திய பின்னும் கொண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். சகோதரிகளே, அறிந்தவர் துணையின்றிக் கை வைக்க வேண்டாம், உயிர் விஷயம். ஐயா பக்கத்தில் இருக்க, நானே ஈயம் பற்றவைத்தேன். இரண்டு விரல்களையும் சுட்டுக்கொண்டேன்.

பின்மூடியைக் கழற்றிய அன்று அதன் உட்புறத்தில் மடித்த கடதாசி ஒன்று இருந்தது. வானொலி அனுமதிப்பத்திரம். அந்நாட்களில் றேடியோ வைத்திருக்க வருடாவருடம் பணம் கட்டி அதை எடுக்க வேண்டும். அதிலிருந்த பெயர் அம்மம்மாவுடையது.

"அம்மா சீட்டுப் பிடிச்ச காசிலதானே வாங்கினவ" என்றார் அம்மா, சாதாரணமாக.

"பிறகேன் அம்மப்பாவின்ர எண்டு சொல்லுறியள்?"

"எல்லாரும் அப்பிடித்தானே சொன்னவை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வீடாகப் படிவம் நிரப்புவது என் தொழில். தையல் மெஷின், ஆடு, சைக்கிள் எல்லாவற்றையும் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் இருந்த பெயருக்குக் கீழே எழுதியிருக்கிறேன். யார் காசில் வாங்கியது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சமூகவியல் படித்தவள் வேறு!

ஓர் இரவு வால்வுகள் மெல்லச் சிவந்தன. அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இரைச்சல், அதனூடே கடலுக்கு அப்பாலிருந்து ஒரு தமிழ்க் குரல். அம்மா கதிரையை அருகில் இழுத்துப் போட்டு, சத்தத்தைக் குறைக்கவும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரே அந்தக் கடதாசியைப் படம் எடுத்து மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மாமா பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. றேடியோ விறாந்தையில் பாடிக்கொண்டிருக்கிறது.