மடியாத தகடு

திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் நான் நடத்தியவை பெரும்பாலும் காணி வழக்குகள். உறுதியும் எல்லையும் பார்த்துப் பழகிய கண், முறிந்த போல்ட் ஒன்றைச் சான்றாகப் படிக்கக் கற்றது ஒரு மொறிஸ் மைனர் வழக்கில்.

வழக்காளி துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். தகப்பன் வைத்திருந்த மொறிஸ் 1000, 948 சிசி இஞ்சின். நகரத்துக் கராஜ் ஒன்றில் இஞ்சினை முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்கக் கொடுத்தார். சில வாரங்களில், கந்தளாய்ப் பக்கம் போகையில், மூன்றாம் சிலிண்டரின் கனெக்டிங் ரொட் கழன்று புளொக்கின் பக்கத்தைப் பிளந்து வெளியே வந்தது. சிதறிய துண்டுகளை எண்ணெய்கூடத் துடைக்காமல் அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். அந்தச் சாக்கு இல்லையென்றால் வழக்கே இல்லை.

எதிராளியான கராஜ் தரப்பு சொன்னது இரண்டு: வண்டி பழசு, ஓட்டியவர் எண்ணெய் பார்க்கவில்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவின் கீழ் நாங்கள் அழைத்த நிபுணர் கப்பல் டீசல் இஞ்சின்களோடு வாழ்ந்த ஒரு பொறியியலாளர். எண்ணெய் வற்றியிருந்தால் எல்லா ரொட்டுகளின் பெயரிங்குகளும் கருகியிருக்கும், மற்ற மூன்று ரொட்டுகளுடையதும் சுத்தமாக இருக்கின்றன என்றார். பிறகு அந்த மூன்றாம் ரொட்டின் முறிந்த போல்ட்டை நீதிபதியிடம் காட்டினார். அதன் முகத்தில், அலை வடிந்த மணலில் இருப்பதுபோல வளைந்த வரிகள். ஒரே அடியில் முறிந்தால் இப்படி வராது. கொஞ்சங் கொஞ்சமாக வெடித்து வளர்ந்த முறிவு இது.

ஏன் வெடித்தது? அவர் விளக்கியது இன்றும் நினைவில் நிற்கிறது. போல்ட்டை இறுக்கும்போது அது மயிரளவு நீளுகிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் பிக் எண்டின், அதாவது ரொட்டின் கிராங்க் பக்க முனையின், மூடியை ரொட்டோடு பிடித்திருக்கிறது. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது மூடியைப் பிய்க்கப் பார்க்கும். பிடி அதைவிடப் பெரிதாக இருந்தால், போல்ட் தாங்கும் சுமையில் ஏற்ற இறக்கம் மிகச் சொற்பம். பிடி தளர்ந்தால் மூட்டு திறந்து திறந்து மூடும், உலோகம் களைத்துப்போகும். பெரிய கப்பல் இஞ்சின்களில் ஹைட்ரோலிக் கருவியால் போல்ட்டை இழுத்து நீட்டிய பிறகே நட்டைப் பூட்டுவார்கள் என்பதையும் சொன்னார்.

இஞ்சினைப் பூட்டிய மெக்கானிக்கைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"எந்த அளவுக்கு இறுக்கினீர்கள்?"

"கைக்கணக்குத்தான் ஐயா. இத்தனை வருசப் பழக்கம், கைக்கே தெரியும்."

"ஹெட் நட்டுக்கு 40 அடி-இறாத்தல், பிக் எண்டுக்கு 35. இந்த ஐந்தைக் கை பிரித்துச் சொல்லுமா?"

அவர் பதில் சொல்லவில்லை. அவரை ஏமாற்றுக்காரர் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனால் கையால் அறிய முடியாத காரியம் இது. நாம் போடும் பலத்தில் ஏறக்குறையப் பத்திலொரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மிச்சமெல்லாம் தலைக்கு அடியிலும் புரியிலும் உராய்வாகப் போய்விடும். காய்ந்த புரியும் எண்ணெய் பூசிய புரியும் கைக்கு ஒன்றுபோலவே இருக்கும், பிடிப்பு ஒன்றாக இராது.

அளவைப் பற்றியாவது வாதாடலாம். பூட்டுத் தகட்டைப் பற்றி வாதாட இடமே இருக்கவில்லை. இறுக்கியபின் அந்த மெல்லிய தகட்டின் காதை போல்ட் தலையோடு மடித்துவிட வேண்டும், போல்ட் திரும்பாமலிருக்க. ஒருதரம் மடித்த தகட்டை நிமிர்த்தினாலும் கோடு போகாது. மூன்றாம் ரொட்டின் தகட்டில் ஒரு காது கோடே இல்லாமல் தட்டையாகக் கிடந்தது.

உரோமன்-டச்சுச் சட்டத்தில், தொழில் தெரிந்தவன் என்று வேலையை ஏற்பவனின் திறமைக் குறைவே கவனக்குறைவாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும், சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதத்தை ஒப்பந்தத்துக்குள் வைத்தே வாசிக்கிறது. இஞ்சினை மூடியபின் உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை. அந்த வேலைக்குத்தான் இந்தச் சட்டம் மிகவும் தேவை என்று வாதிட்டேன்.

தீர்ப்புக்கு முன் எதிர்த்தரப்பு இணக்கத்துக்கு வந்தது. வேறு புளொக்கும் கிராங்க் வேலையும் அவர்கள் செலவு. நாங்கள் கேட்ட நிபந்தனை ஒன்றுதான்: புதிய போல்ட்டுகள், புதிய தகடுகள், நிபுணர் முன்னிலையில் டோர்க் ரெஞ்சால் இறுக்கி, ஒவ்வொன்றின் அளவையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒப்பமிட்டவர் அதே மெக்கானிக்.