ராஜ விருட்சமும் ரோஜா மலரும்

மாமியார் கண்டுபிடித்த பொருளுக்கு மாப்பிள்ளையின் பெயரைச் சூட்டினால் நம் வீட்டு மாமியார்கள் லேசில் விடமாட்டார்கள். மொகலாய அரண்மனையில் அப்படித்தான் நடந்தது. 1605 முதல் 1627 வரை ஆண்ட ஜஹாங்கீர் பாதுஷா தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதிவைத்திருக்கிறார். நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் பன்னீர் காய்ச்சுகையில், சூடான பன்னீர் ஊற்றிய தட்டுகளின் மேல் ஏடுபோல் ஏதோ படிவதைக் கண்டார். அதைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். அதில் ஒரு துளியை உள்ளங்கையில் தடவினால் சபை முழுவதும் மணந்ததாம். அக்பரின் மனைவியருள் ஒருவரான ஸலீமா ஸுல்தான் பேகம் அதற்கு "இதர்-இ-ஜஹாங்கீரி" என்று நாமகரணம் செய்தார். கண்டுபிடித்த அம்மாளுக்கு ஒரு முத்துமாலை கிடைத்தது. ஊர் வாயிலோ பெருமை முழுவதும் மகள் நூர்ஜஹானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வாசனையின் வழி வந்த வித்தை இன்றும் உயிரோடிருக்கும் இடம் உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோஜ். ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனர் தலைநகராகக் கொண்டிருந்த ஊர். வகுப்பில் ஹர்ஷரைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை நமக்கு எழுவதுண்டு. ஒரு சமயம் கான்பூர் வரையில் போக நேர்ந்தபோது அதையும் நிறைவேற்றிக்கொண்டோம். ஹர்ஷருடைய மாளிகை எதுவும் அங்கே நம்மை எதிர்கொள்ளவில்லை. எதிர்கொண்டவை வறட்டிப் புகையும் ரோஜா மணமுமே.

பட்டறை என்றால் கண்ணாடிக் குழாய்களையும் மின்சார யந்திரங்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர்க் கல்யாணச் சமையற்கட்டுக்குத்தான் அது உறவு. மண் அடுப்பின் மேல் பெரிய செப்புக் கொப்பரை. அதற்கு 'தேக்' என்று பெயர். விடியுமுன் பறித்த ரோஜாவை அதில் கொட்டித் தண்ணீர் விட்டு மூடி, விளிம்பைப் பஞ்சும் களிமண்ணும் வைத்துப் பூசிவிடுகிறார்கள். மூடியிலிருந்து கயிறு சுற்றிய மூங்கிற் குழாய் ஒன்று இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்ற செப்புக் குடத்துக்குள் போகிறது. ஆவி அங்கே குளிர்ந்து விழுகிறது. எவ்வளவு ஆவி இறங்கிற்று என்று பார்க்கக் கருவி கிடையாது. தொழிலாளி தொட்டிக்குள் கையை விட்டுக் குடத்தைத் தடவிப் பார்த்து, சூட்டைக் கொண்டே சொல்லிவிடுகிறார். அந்தக் கைக்கு எந்தச் சர்வகலாசாலையும் பட்டம் கொடுத்ததில்லை. நம் பட்டத்தைக் கொண்டு அந்த வேலையில் ஒரு நாளும் தள்ள முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

இனித்தான் ரகஸ்யம். அந்தக் குடம் காலிக்குடமன்று. அதில் முன்கூட்டியே சந்தனத் தைலம் ஊற்றியிருக்கிறது. ரோஜாவின் மணம் அந்தத் தைலத்தில் வந்து தங்குகிறது. தண்ணீரை மட்டும் வடித்துக் கொப்பரைக்கே திருப்பிவிடுகிறார்கள். மறுநாள் புதுப் பூ, அதே தைலம். தைலம் இனி ஏற்காது என்னும்வரை பல நாள் இப்படி நடக்கிறது. பிறகு 'குப்பி' எனப்படும் தோற்பையில் ஊற்றி வைத்தால் மிச்ச ஈரம் தோலின் வழியே கசிந்து போய்விடும். மலரின் வாசனை சீக்கிரம் பறந்துவிடக்கூடியது. சந்தனமோ நிதானஸ்தன், எளிதில் ஆவியாகாது, தன்னோடு சேர்ந்ததையும் பிடித்து நிறுத்தி வைக்கும். மணிக்கட்டில் தடவினால் முதலில் பூ பேசுகிறது. இரவு வெகு நேரம் கழித்து மரம் பேசுகிறது.

அந்த மரம் வடநாட்டுக்குப் போனது நம் பக்கத்திலிருந்து. மைசூர்ச் சீமையும் நம் ஜவ்வாது மலையும் சத்தியமங்கலமும் அதன் பிறந்தகம். 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை ராஜ விருட்சமென்று அறிவித்தார். முதல் உலக யுத்தத்தில் ஐரோப்பாவுக்குக் கட்டை ஏற்றுமதி நின்றுபோகவே, 1916-இல் மைசூர் சமஸ்தானம் சொந்தமாகத் தைலம் வடிக்கத் தொடங்கிற்று. அது நல்ல காரியம். ஆனால் திப்பு கொடுத்த பட்டம் இருக்கிறதே, அது மரத்துக்கு எமனாக முடிந்தது. ராஜாக்கள் போன பின்னும் சட்டம் போகவில்லை. தன் கொல்லையில் முளைத்த சந்தனமும் சர்க்காருக்கே சொந்தம் என்றால், எந்தக் குடியானவன் அதற்குத் தண்ணீர் ஊற்றுவான்? கன்றைக் கண்டவுடன் பிடுங்கி எறிந்தான். மலையில் நின்றவற்றைத் திருடர்கள் வெட்டினார்கள். வெட்டினார்கள் என்பதுகூடச் சரியில்லை, வேரிலும் தைலம் உண்டாகையால் வேரோடு பறித்தார்கள். 2001-இல் கர்நாடகமும் 2002-இல் தமிழ்நாடும் சட்டத்தை மாற்றி, வளர்த்தவனுக்கே மரம் என்றன. அதற்குள் காடு வெறுமையாகிவிட்டது.

இதன் பலனைக் கன்னோஜில் ஒரு கடையில் கண்டோம். கடைக்காரர் ஒரே மாதிரியான இரண்டு சிறு சீசாக்களை எடுத்து வைத்தார். இரண்டும் ரோஜா அத்தர். ஒன்றின் விலையைக் கேட்டு மலிவென்று மகிழ்ந்தோம். மற்றதன் விலையைக் கேட்டு, அதை மெதுவாக மேஜைமேல் திரும்ப வைத்தோம். மலிவானதில் சந்தனத்துக்குப் பதில் பாரபின் எண்ணெய் என்று அவரே ஒளிக்காமல் சொன்னார். இப்போது பெரும்பாலோர் கேட்பது அதைத்தானாம். 2014-இல் கன்னோஜ் அத்தருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெயரைக் காக்க அது உதவும். குடத்துக்குள் ஊற்றச் சந்தனத்தைக் கொண்டுவந்து தராது. சீமைக் கம்பெனிகள் ராஜவம்சத்துப் பாரம்பரியம் என்று அச்சடித்து விற்கும் சீசாக்களைப் பார்க்கும்போது, ராஜாக்களைவிடச் சந்தனக் கன்று ஒன்று கிடைத்தால் தேவலை என்றே நமக்குத் தோன்றுகிறது.

கன்று நடுகிறவர்களும் இல்லாமலில்லை. நமக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு ஏக்கரில் சந்தனம் வைத்திருக்கிறார். சந்தனம் தனியே பிழைக்காது. பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சித்தான் வளரும். ஆகையால் ஒவ்வொரு கன்றுக்கும் துணையாகத் துவரை நட்டிருக்கிறார். நல்ல வைரம் பாய இருபது முப்பது வருஷம் ஆகும். அவருக்கு இப்போதே அறுபத்தாறு வயது. "பருப்புக்குப் பருப்பும் ஆச்சு, ஐயா!" என்று சிரிக்கிறார். தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டு, இரண்டு நாய்களும் வளர்க்கிறார்.