உதவி வேறு, நஷ்டஈடு வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. தயவுசெஞ்சு பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

நம்ம கோயில் வாசலில் பூ கட்டி விற்கும் அக்காவை எல்லாருக்கும் தெரியும். பேர் வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. ஆடி மாசம் மூணாவது வெள்ளி, பூஜை முடிஞ்சு வீட்டுக்கு நடந்து போகும்போது, பின்பக்க ரோட்டு லோங்காங்கில் விழுந்துட்டாங்க. அங்க இருந்த இரும்பு மூடி காணாமப் போய் பல மாசம். யாரோ ஒரு பலகையைப் போட்டு மூடி வச்சிருந்தாங்க, மழையில் அது ஊறிப் போயிருந்தது. இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. இன்னும் வாக்கர் இல்லாம நடக்க முடியல. கீழே உட்கார்ந்து பூ கட்டவும் முடியாது.

நாம சும்மா இருக்கல. அன்னதானக் குழு அரிசி, பருப்பு கொண்டுபோய்க் கொடுத்தது. இளைஞர் பிரிவு வசூல் பண்ணிக் கொடுத்தது. கொடுத்த ஒவ்வொருத்தருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும். ஆனா அதோட விஷயம் முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. "விதி, என்ன செய்யறது"ன்னு வாட்சாப் குழுவில் எழுதுறாங்க. விதியை நானும் நம்புறவன்தான். ஆனா ரோட்டோர மூடியைச் சரிபார்க்க வேண்டியது விதியோட வேலை இல்லை. அதுக்கு ஒரு அலுவலகம் இருக்கு. அதுக்காகத்தான் வருசத்துக்கு ரெண்டு தடவை மதிப்பீட்டு வரி கட்டுறோம்.

நாம கொடுத்தது உதவி. மனசு இருந்தா கொடுக்கலாம், இல்லேன்னா விடலாம். நஷ்டஈடு அப்படி இல்லை. கவனிக்க வேண்டியவங்க கவனிக்காம விட்டு ஒருத்தருக்கு அடிபட்டா, அந்த இழப்புக்கு அவங்க பதில் சொல்லணும். அது அக்காவோட உரிமை. யார்கிட்டயும் கையேந்துற விஷயம் இல்லை.

சட்டம் தெரிஞ்ச ஒரு பக்தர் விளக்கினதை எனக்குப் புரிஞ்ச அளவில் சொல்றேன். உங்க வீட்டுக்கும் இது உதவும்.

முதலாவது, காலம். அரசாங்கம், நகராண்மைக் கழகம் மாதிரியான பொது அமைப்புகள் மேல வழக்குப் போட 36 மாதம்தான். 1948-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லுது. தீபகற்ப மலேசியாவில் சாதாரண ஆள் மேல கவனக்குறைவு வழக்குப் போட 6 வருசம் இருக்கு. அந்த நினைப்பில் இருந்து ஏமாந்து போகாதீங்க. உடம்பு தேறட்டும், அப்புறம் பார்ப்போம்னு சொல்லிச் சொல்லியே மூணு வருசம் ஓடிடும்.

ரெண்டாவது, அந்த இடம் யாரோடது. கூட்டரசு ரோடு, மாநில ரோடு, நகராண்மைக் கழக ரோடு, டோல் நெடுஞ்சாலை, எல்லாத்துக்கும் பொறுப்பு வேற வேற. நடுவில் குத்தகைக்காரரும் இருக்கலாம். தப்பான இடத்தில் கேட்டா நாள்தான் வீணாகும்.

மூணாவது, ஆதாரம். விழுந்தாங்கன்னு சொன்னா மட்டும் போதாது. அந்த ஆபத்து அவங்களுக்குத் தெரியும், இல்லேன்னா தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சும் சரி பண்ணலன்னு காட்டணும். போலீஸ் ரிப்போர்ட், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், அந்த இடத்துப் படம், முன்னாடி கொடுத்த புகார், எல்லாம் இதுக்குத்தான்.

நாலாவது, வருமானம். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. அடிபட்ட நேரத்தில் 31 முதல் 59 வயசுக்குள்ள இருந்தா, 60-இல் வயசைக் கழிச்சு ரெண்டால வகுக்கணும். 48 வயசுன்னா 6 வருசம். மாசம் 1,200 ரிங்கிட் சம்பாதிச்சவங்க இனி வேலையே செய்ய முடியாதுன்னு ஆனா, 1,200 x 12 x 6 = 86,400 ரிங்கிட். இதில் வாழ்க்கைச் செலவு மாதிரி கழிவும் வரும். வலிக்கும் காயத்துக்கும் கொடுப்பது தனி, மருத்துவச் செலவு தனி. ஆனா அடிபடும் முன்னாடி சம்பாதிச்சதை நிரூபிக்கணும். அக்காகிட்ட சம்பளச் சீட்டு கிடையாது. பூ மொத்தமா வாங்கின பில்லும், மாலை ஆர்டர் எழுதி வச்ச நோட்டுப் புத்தகமும்தான் அவங்க சம்பளச் சீட்டு. நல்லவேளை, பழைய நோட்டையெல்லாம் தூக்கிப் போடாம வச்சிருக்காங்க.

"கழகத்தை எதிர்த்து ஜெயிக்க முடியுமா? ஹைலண்ட் டவர்ஸ் என்ன ஆச்சு?"ன்னு ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1993 டிசம்பர் 11-இல் அந்தக் கட்டடம் சரிஞ்சு 48 பேர் இறந்தாங்க. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், நகராண்மைக் கழகம் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லைன்னு தீர்ப்புச் சொன்னது. கட்டட அனுமதி, மேற்பார்வை சம்பந்தமா சட்டமே அவங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்திருப்பது அதில் முக்கியக் காரணம். அந்தத் தீர்ப்பு நமக்கு ஒரு எச்சரிக்கைதான். ஆனா மூடி இல்லாத லோங்காங் கட்டட அனுமதி விஷயம் இல்லையே. அதை அதோட ஆதாரத்தை வச்சுத்தான் பார்க்கணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மூடி இல்லைன்னு பங்குனி மாசமே நம்ம நிர்வாகம் கழகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கு. வாங்கிக்கிட்டதுக்குச் சாப் அடிச்ச காப்பி கோயில் ஃபைலில் இருக்கு. அக்கா குடும்பம் அதோட நகலைக் கேட்டிருக்கு. நிர்வாகத்தில் சிலர் தயங்குறாங்க. "ரத ஊர்வலத்துக்கு ரோட்டை அடைக்கணும், கொட்டகை போடணும், எல்லாத்துக்கும் அவங்ககிட்டதானே போய் நிக்கணும்"னு சொல்றாங்க.

அந்தப் பயம் எனக்கும் புரியுது. நம்ம நாட்டில் கோயில் நடத்துறது எவ்வளவு சிரமம்னு தொண்டு செய்யற எல்லாருக்கும் தெரியும். கழக உறுப்பினர்களை நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. அந்தத் தேர்தல் 1965-லேயே நின்னு போச்சு. அதனாலதான் சாப் அடிச்ச ஒரு கடிதத்துக்கு இவ்வளவு மதிப்பு. கோயில் யார் மேலயும் வழக்குப் போடல. நடந்ததை நடந்ததுன்னு சொல்லுது, அவ்வளவுதான். நாம கொடுக்காட்டியும் கோர்ட் சம்மன் அனுப்பிக் கேட்கலாம். அப்ப கொடுக்கிறதை இப்பவே மனசாரக் கொடுப்போமே. 20 வருசத்துக்கு மேல அம்மனுக்கு மாலை கட்டின கை அது.

இன்னொண்ணு. போன வாரம் ஒருத்தர் சாகு ஹாத்தி கொடுக்க அக்கா வீட்டுக்கு வந்து, மலாயில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கார். "முழுமையான, முடிவான தீர்வு"ன்னு அதில் எழுதியிருந்ததை மகள் படிச்சுப் பார்த்ததால தப்பிச்சாங்க. கையெழுத்துப் போட்டிருந்தா பிறகு எதுவும் கேட்பது ரொம்பக் கஷ்டம். யார் வீட்டுக்கு இப்படி வந்தாலும், லாயர்கிட்ட காட்டாம கையெழுத்துப் போடாதீங்க. வசதி இல்லாதவங்க சட்ட உதவித் துறையிலயும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலயும் போய்க் கேட்கலாம்.

உங்ககிட்ட ரெண்டே வேண்டுகோள். ஆடிக்கு முன்னாடி அந்தப் பின்பக்க ரோட்டில் எடுத்த படம், வீடியோ யார்கிட்டயாவது இருந்தா, அழிக்காம எனக்கு அனுப்புங்க. பால்குடம் அன்னிக்கு எடுத்ததில் தற்செயலா விழுந்திருந்தாலும் பரவாயில்லை, தேதிதான் முக்கியம். அப்புறம், வர்ற ஞாயிறு காலை 10 மணி நிர்வாகக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் நேரில் வாங்க. கடிதத்தின் நகலைக் கொடுப்பது பற்றி அன்னிக்குத்தான் முடிவு.

அம்மன் துணை.