திறமை மட்டும் போதுமென்றால் இந்த விதி எதற்கு?

"யார் வேண்டுமானாலும் வரலாம்" என்று எழுதி வைத்த இடங்களை நம் மக்கள் நிறையப் பார்த்தவர்கள். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாத மக்கள் பயன்படுத்தலாம் என்று 1923-இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அடுத்த ஆண்டே மகத் நகராட்சி தன் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்கும் வரை அந்தத் திறப்பு காகிதத்தில்தான் இருந்தது.

ஓபன் சோர்ஸ் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்தக் குளம்தான் நினைவுக்கு வருகிறது. "பட்டா, உதவித்தொகை, வன்கொடுமை வழக்கு என்று அலைகிற உங்களுக்கு பைத்தானில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்கான பதில் இது.

பைத்தான் ஒரு புரோகிராமிங் மொழி. நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்டது. இணையதளங்கள் முதல் செயற்கை நுண்ணறிவு வரை இன்று அதில் எழுதப்படுகின்றன. நம் பிள்ளைகளின் கல்லூரிப் பாடத்திலும் இருக்கிறது. இந்த மொழியின் மூலநிரல் முழுவதும் இணையத்தில் கிடக்கிறது. யாரும் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். இதன் உரிமையை வைத்திருப்பது லாப நோக்கமில்லாத ஓர் அறக்கட்டளை.

எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் இதற்காகக் கூடுகிறார்கள். கலைக் கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிப்பவர்கள். இருப்பது 3 பழைய லேப்டாப். எங்களில் யாரும் பொறியாளர் கிடையாது. எங்கள் காலனியிலிருந்து படித்துப் போய்ச் சென்னையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் செல்போன் வழியாகச் சொல்லித் தருகிறார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தைத் தமிழில் விளக்குகிறோம்.

ஆரம்பம் பைத்தானின் கையேட்டிலிருந்துதான். புரியாத வாக்கியம், தப்பாக அச்சான எடுத்துக்காட்டு இவற்றைத் தேடுவது. கண்டுபிடித்தால் மூலத்தை நம் கணக்கில் பிரதி எடுத்து, திருத்தி, 'புல் ரிக்வெஸ்ட்' என்ற கோரிக்கையாக அனுப்ப வேண்டும். பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தானியங்கிச் சோதனைகள் ஓடும். பிறகு எங்கோ இருக்கும் ஒருவர் படித்துவிட்டுக் கருத்து எழுதுவார். எங்கள் மாணவி ஒருவர் அனுப்பிய முதல் திருத்தம் ஒரே ஒரு வரி. அதுவும் திரும்பி வந்தது, மாற்றி எழுதச் சொல்லி. அவர் எங்களிடம் ஓடி வந்து சொன்னது இது: "அக்கா, ஏன் இப்படி வேணாம்னு காரணம் எழுதியிருக்காங்க!" இரண்டாவது முறை மாற்றி அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளையின் வியப்பு எங்களுக்குப் புரிந்தது. வீட்டுமனைப் பட்டாவுக்கு அவருடைய அம்மா கொடுத்த மனுக்களுக்கு இதுவரை ரசீது மட்டும்தான் வந்திருக்கிறது. பைத்தானில் பெரிய மாற்றம் கேட்பவர்கள் அதை முறையான முன்மொழிவாக எழுதித் தருகிறார்கள். நிராகரிக்கப்பட்ட முன்மொழிவுகளும் அழிக்கப்படாமல் எல்லோர் பார்வைக்கும் இருக்கின்றன. மறுத்தாலும் காரணத்தோடு மறுக்கும் ஓர் இடத்தை நம் பிள்ளைகள் இருபது வயதிலேயே பார்த்துவிட வேண்டும் என்று நினைக்கிறோம்.

ஆனால், "இங்கே திறமை மட்டும்தான் பேசும்" என்று அந்த உலகத்தில் சொல்லும்போது நாங்கள் தலையாட்டுவதில்லை. இடஒதுக்கீட்டுக்கு எதிராக இதே பேச்சை எத்தனை முறை கேட்டிருப்போம்! 'மெரிட்டாக்ரசி' என்ற சொல்லைப் பரவலாக்கிய சமூகவியலாளர் மைக்கேல் யங், 1958-இல் தன் நூலில் அதைக் கையாண்டதே அப்படிப்பட்ட சமூகத்தைக் கிண்டல் செய்யத்தான்.

பைத்தானின் கதையையே பாருங்கள். மொழியின் மூலத்தை மாற்றும் அதிகாரம் உள்ள மையக் குழுவில் கால் நூற்றாண்டாக ஒரு பெண் இல்லை. கதவு திறந்துதானே இருந்தது? 2015-இல் பைத்தான் மாநாட்டு மேடையில் கைடோ, இந்தக் குழுவுக்குப் பெண்கள் வர வேண்டும், நானே வழிகாட்டுகிறேன் என்று வெளிப்படையாக அறிவித்தார். மரியாட்டா விஜயா அவரிடம் போய் உதவி கேட்டார். 2017-இல் குழுவின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். மரியாட்டாவுக்குத் திறமை இருந்தது. ஆனால் உள்ளே இருப்பவர் ஒருவர் கூப்பிட வேண்டியிருந்தது.

இன்னொன்று. 2018-இல் ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றி நடந்த கடுமையான சண்டைக்குப் பிறகு கைடோ தலைமையிலிருந்து விலகினார். மையக் குழுவினர் தங்களுக்கென்று ஒரு விதிமுறை எழுதிக்கொண்டார்கள். தேர்தல் மூலம் 5 பேர் கொண்ட வழிகாட்டுக் குழு. அதில் ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் 2 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. திறமை மட்டும் போதுமென்றால் இந்த விதி எதற்கு? ஒரே இடத்துக்காரர்கள் கையில் அதிகாரம் குவிந்தால் பொதுச்சொத்து பொதுவாக இருக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் பிரதிநிதித்துவம் கேட்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சிக்கல்களும் உண்டு. இந்த வேலையில் பெரும்பாலானோருக்குச் சம்பளம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜவுளிக்கடையில் நிற்கிற பையனால் இலவசமாக எத்தனை மணி நேரம் கொடுக்க முடியும்? அதனால் வேலையில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்களிடம் மாதச் சந்தா வாங்கி, பிள்ளைகளுக்குப் பஸ் காசும், செல்போன் ரீசார்ஜும், மாலை டிபனும் கொடுக்கிறோம். கணினித் துறையில் சாதி இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. கடல் தாண்டி அமெரிக்காவின் சியாட்டில் நகரமே 2023-இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டி வந்தது.

எங்கள் பையன் ஒருவனை ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். சிபாரிசு செய்ய அவனுக்குச் சித்தப்பா, மாமா யாரும் அந்தத் துறையில் இல்லை. இன்று அவன் பெயரில் ஏற்கப்பட்ட 4 திருத்தங்கள், தேதியோடு, யாரும் திறந்து பார்க்கும்படி இருக்கின்றன. அவை வேலையை உறுதி செய்யாது. ஆனால் அடுத்த நேர்காணலில் அவன் மேசையில் வைக்க அவனுடைய வேலை இருக்கிறது.

ஐடி துறையில் இருக்கும் நம் தோழர்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. பணம் தருகிறீர்கள், நன்றி. அதோடு சனிக்கிழமை மாலை 2 மணி நேரம் வேண்டும். நேரில் வர முடியாவிட்டால் வீடியோ அழைப்பில் வாருங்கள். பிள்ளைகள் எழுதியதைப் படித்து, எங்கே சரியில்லை, ஏன் சரியில்லை என்று காரணத்தோடு சொல்லுங்கள்.